உப்புக்காற்று பட்ட சிப்புகள்

“…சொல்லாம விட்டுட்டா யாருக்குமே தெரியப் போறதில்ல அங்கிள். அவரு வருவாரு, புதுப் பெட்டியக் காட்டுவோம், டீ குடிப்பாரு, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிக்கினே இருப்பாரு” என்றாள் கலைவாணி.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதன் இரண்டாம் மாடியில் சிப் சோதிக்கும் ஆய்வுக்கூடம். எங்கள் இருவரைத் தவிர இன்னும் யாரும் வரவில்லை. ஐப்பசி மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. கலைவாணி அந்தக் கல்லூரியில் விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்கு அங்கேயே ஆய்வும் செய்துகொண்டிருந்தாள். நான் பினாங்கிலிருந்து ஓர் இயந்திரத்தைப் பார்க்க வந்தவன். அவள் சொன்ன ‘அவரு’ திண்டிவனம் பக்கத்துத் தொழிற்பேட்டையில் சிப்புகளுக்கு உறை போடும் ஆலையின் தரப் பொறியாளர், பெயர் முரளி. ஆலையில் பழுதாகும் சிப்புகளை இனி இந்தக் கூடத்திலேயே சோதிப்பது என்று ஒப்பந்தம் போட அன்று வரவிருந்தார்.

ஒப்பந்தம் நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் நகத்தைக் கடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். ஆலை இப்போது தன் சிப்புகளைச் சென்னைக்கு அனுப்புகிறது. கலைவாணியின் ஆய்வு பாதியில் நிற்கிறது. விழுப்புரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறாள். ஏன் அப்படி ஆனது என்று என் வீட்டில் கேட்டார்கள். நாலு வாக்கியத்தில் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் போன கதையை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் பினாங்குத் தமிழன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் மனிதர்களிடம் வாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தலை நரைக்கும்வரை கம்பி தைத்தேன். கம்பி தைப்பது என்றால் புரியும்படி சொல்கிறேன். சிப் என்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன வில்லை. அதற்குள் கரண்ட் போய்வர வேண்டுமென்றால், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை அதன் மேலுள்ள அலுமினியப் புள்ளிகளில் ஒட்டவைக்க வேண்டும். ஊசி இறங்கி ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் தையல் மெஷின்தான் ஞாபகம் வரும். என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் இப்போது பழைய இயந்திரங்களை வாங்கி விற்கிறார். இந்தக் கல்லூரிக்கும் ஒன்றை விற்றிருந்தார். “தைத்த கம்பி பிடிக்கவில்லை, மெஷின் கோளாறா என்று வந்து பாருங்கள்” என்று கல்லூரியிலிருந்து கேட்டார்கள். “உன் ஊர்தானே, நீயே போய்ப் பார்த்துவிட்டு வா” என்று நண்பர் என்னை அனுப்பிவிட்டார். என் ஊர் பினாங்கு என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

முதல் நாள் விழுப்புரத்தில் இறங்கும்போதே மழை. ஜங்ஷனிலிருந்து லாட்ஜுக்கு ஷேர் ஆட்டோ. “இந்த ஊர்ல எல்லா ரயிலும் நிக்கும் தலைவரே” என்றார் ஓட்டுநர், கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே. “எறங்கறவன்தான் கம்மி. நீங்க எறங்கிட்டீங்க, அதான் வானமே அழுவுது.” வந்த உடனே இப்படி ஒரு வரவேற்பு கிடைத்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? சாலையெல்லாம் செம்மண் குழம்பு. கடைகளில் பகலிலேயே விளக்கு. முழங்கால் அளவு நீரில் ஒரு நாய் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

ராத்திரிச் சாப்பாடு பரோட்டா. எங்கள் ஊரில் ரொட்டி சானாய் தனியாக வரும், பருப்புக் குழம்பு தனியாக வரும், கை எதைத் தொடுவது என்று யோசித்துத் தொடும். இங்கே பரிமாறுகிறவர் இலையிலேயே பிய்த்துப் போட்டு, “தூறலா ஊத்தட்டுமா, வெள்ளமா ஊத்தட்டுமா?” என்று கேட்டார். தூறல் என்றேன். வெள்ளம்தான் வந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டே போனேன். கல்லூரிப் பலகை ஜன்னலில் வந்தது, போனது. வண்டி நிற்கவில்லை. கண்டக்டர் என் கூச்சலைக் கேட்டுத் திரும்பி, “காலேஜ் ஸ்டாப்பிங் கெடையாது பெருசு, இது பாயிண்ட் டு பாயிண்ட்டு. திண்டிவனத்துல எறங்கி ரிட்டர்ன் வந்துக்கோ” என்றார். பெருசு என்றால் கோபம் வரவேண்டுமாம், எனக்கு வரவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் என்னை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

திண்டிவனத்தில் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் ஒரு டீக்கடை. நாலைந்து வடநாட்டுத் தொழிலாளர்கள் பன் கடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு இந்தி தெரியாது. டீ மாஸ்டரிடம் என்னவென்று கேட்டேன். “அதுவா? சிப்பு கம்பெனிக்குப் புது ஷெட்டு கட்றாங்க இவங்க. ‘செவுரு நாம கட்றோம், தரையை நாம நக்கற மாதிரி தொடைக்கிறோம், முடிஞ்ச மறுநாள் நம்மளயே செருப்பைக் கழட்டிட்டு வெளிய நில்லும்பான்’னு சொல்றான்” என்றார். பிறகு தன் பங்குக்கு, “நம்ம பசங்க மட்டும் என்னா? மூணு வருஷம் காலேஜ் படிச்சிட்டு அங்க போனா, ‘அனுபவம் இருக்கா?’ன்றான். வேலையே குடுக்காம அனுபவம் எங்கருந்து வரும், மளிகைக் கடையிலயா?” என்று டீயை ஓங்கி ஆற்றினார். சிரித்தேன். சிரித்து முடித்தபின் யாருமே சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நனைந்த கோழி மாதிரி இருந்தேன். கலைவாணி வாசலுக்கே வந்து, “வாங்க சார், வாங்க. பாயிண்ட் டு பாயிண்ட்டுல ஏறிட்டீங்களா?” என்றாள். முப்பது வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, ஓயாத பேச்சு. சார் வேண்டாம் என்றேன், உடனே அங்கிள் ஆகிவிட்டேன். அவள் அப்பா விளைபொருள் ஏலம் விடும் விழுப்புரம் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர், வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் இவள்தான். “எங்கப்பா கமிட்டில எல்லார்கிட்டயும் என்னா சொல்லி வச்சிருக்காரு தெரியுமா? ‘எம் பொண்ணு சிப்புக்கு வைத்தியம் பாக்குற டாக்டரு’ன்னு. போன வாரம் ஒருத்தரு அவரு போனைக் குடுத்து அனுப்பிட்டாரு, காட்டிக்கினு வா, ஊசி போடுவாங்கன்னு.”

ஆய்வுக்கூடம் சின்ன அறை. உள்ளே போகக் காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி. நுண்ணோக்கி ஒன்று; எங்கள் பழைய இயந்திரம்; சிப் பெட்டிகளை ஈரமில்லாமல் வைக்கும் கண்ணாடி அலமாரி. அலமாரி நெற்றியில் ஒரு கடிகாரம் பூஜ்யம் பூஜ்யம் என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. “இந்த அறையில் எப்போதும் நடுராத்திரிதான் போலிருக்கிறதே” என்றேன். “அதுக்கு யாரு அங்கிள் தினம் தினம் டைம் வச்சிக்கினு இருக்கறது” என்று அவளும் சிரித்தாள்.

துறைத் தலைவர் பேராசிரியர் சுந்தரம் வந்து விஷயத்தைச் சொன்னார். ஆலை தன் சிப்புகளில் ஒரு பெட்டியைச் சோதிக்கக் கொடுத்திருந்தது. கம்பி தைத்து, சின்னக் கொக்கியால் இழுத்துப் பார்ப்பதுதான் சோதனை. நல்ல தையல் என்றால் கம்பி நடுவில் அறும். புள்ளியோடு பெயர்ந்து வந்தால் கெட்டது. இழுத்த கம்பியெல்லாம் பெயர்ந்துதான் வந்தது. சிப்புகளின் மேல் உப்பும் ஈரமும் பட்டு அரித்திருக்கிறது என்று கலைவாணி அறிக்கை கொடுத்தாள். அதுவே அவள் ஆய்வேட்டின் பெரும்பகுதியும்கூட. ஆலை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஒப்பந்தம் போடுவதற்கு முன் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொல்ல வேண்டும், புதிதாக அனுப்பியிருக்கும் இன்னொரு பெட்டியிலும் தைத்துக் காட்ட வேண்டும். “இது கைக்கு வந்துட்டா நம்ம பசங்களுக்கு ஒரு கதவு தெறக்கும் சார்” என்றார். அந்த ஒரு கதவுக்காக அவர் ஆலை வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பார் என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

அன்று முழுக்க இயந்திரத்தின் சூட்டையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழைய பெட்டிச் சிப்பில் கம்பி நிற்கவே இல்லை. மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று அடித்துச் சொன்னேன்.

சாயங்காலம் கிளம்பும்போது ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஊரில் வேலை முடிந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்போம். இங்கே வாத்தியார், அட்டெண்டர், வாட்ச்மேன், எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: “மெயின் ஆஃப் பண்ணியாச்சா?” அதுதான் போய்வருகிறேன் என்பதற்கு வார்த்தை. கடைசியாகக் கிளம்புகிறவர் மாடியின் மெயினை இறக்க வேண்டும். கடைசி ஆள் எப்போதும் கலைவாணிதான். “எங்க வூட்ல ஆளில்லாத ரூம்ல லைட்டு எரிஞ்சா எங்கப்பா ‘யாருக்குக் கல்யாணம்?’னு கேப்பாரு. அந்த வளப்பு” என்று சொல்லியபடி பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினாள். மாடியே மூச்சை நிறுத்திய மாதிரி அடங்கியது. நல்ல பழக்கம் என்று நானும் தலையாட்டினேன்.

திரும்பும் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் தேங்கிய நீரில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, “வண்டி குளிச்சிக்கினு இருக்குது, முடிச்சிட்டு வரும்” என்று பீடி பற்ற வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, “மல்லாட்டை எடுத்துக்குங்க ஐயா, வெந்தது” என்று நீட்டினாள். பெயர் ஸ்டெல்லா. இரும்பை ஊர். எங்கே வேலை என்று சும்மா கேட்டேன்.

“சிப்பு கம்பெனிலதாங்க. இருந்தேன்.”

நானும் அந்த வேலைதான் என்றதும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. சிப் பெட்டிகளைப் பிரித்துத் தட்டில் அடுக்குவது அவள் வேலை. “ரெண்டு உறை போட்டுக்கினுதாங்க தொடுவோம். ஒருநாளும் வெறுங்கையால தொட்டதில்ல. எந்தக் காலேஜ்லருந்தோ ரிப்போர்ட் வந்துச்சாம், சிப்பு மேல உப்பு அரிச்சிருக்குதுன்னு. உப்புன்னா வேர்வைதானே, வேர்வைன்னா கைதானே, கைன்னா நான்தானே? லைன்லருந்து எடுத்துட்டாங்க. விசாரிச்சிட்டுக் கூப்புடறோம்னாங்க. கூப்புடல.”

“சண்டை போட்டிருக்கலாமே?”

“யாருகிட்டங்க போடறது? அந்தக் காகிதத்துல என் பேரே இல்லியாம். பேரே இல்லாத குத்தத்த எப்படி இல்லேன்னு சொல்றது?”

ஆலை வேன் விடிகாலையில் கோயில் முனையில் வந்து நிற்குமாம். இவளை ஏற்றாமல் போவதைத் தெருவே பார்க்கிறது. ‘என்னா ஸ்டெல்லா, இன்னிக்கும் லீவா?’ என்று தினமும் ஒருத்தர் கேட்கிறார்கள். அதனால்தான் விழுப்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். மல்லாட்டை தீரும்வரை உரித்துத் தின்றோம். தோலைக் கையிலேயே வைத்திருந்தாள். வண்டிக்குள் போட மனசில்லை. சுத்தம் பழகிய கை. அந்தக் காகிதம் எந்தக் கல்லூரியிலிருந்து போனது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, சிப்பை விட்டுவிட்டு வெறும் தங்கத் தகட்டில் தைத்துப் பார்த்தேன். அத்தனை கம்பிகளும் நடுவில் அறுந்தன. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. நேற்று நான் அடித்துச் சொன்னதுதான் தப்பு. கலைவாணிக்கு ஒரே சந்தோஷம். தன் அறிக்கை சரி என்று ஆனதல்லவா? மதியம் தன் டப்பாவைத் திறந்து கேப்பைக் களியில் பாதியைக் கருவாட்டுக் குழம்போடு எனக்கு வைத்தாள். “பினாங்குல கெடைக்குமா இது? உருட்டி முழுங்குங்க, மென்னா களி கோச்சிக்கும்.” நானும் சும்மா இருக்காமல் பஸ்ஸில் பார்த்த பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

உருட்டிய களி அவள் கையிலேயே நின்றது.

“கைன்னு நான் எழுதல அங்கிள்.”

“தெரியும்.”

“உப்பு, ஈரம். அவ்ளோதான் எழுதினேன்.” பிறகு, “ஆனா உப்புன்னு எழுதினா கம்பெனிக்காரங்க கையைத்தானே பாப்பாங்க. அது எனக்கே தோணியிருக்கணும்” என்றாள். களியைத் திரும்ப டப்பாவிலேயே வைத்து மூடினாள்.

பிறகு அவள் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை. பழைய பெட்டியின் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரல் பட்டால் பட்ட இடத்தில்தான் அரிக்கும். இங்கே எல்லாச் சிப்பிலும் ஒரே மாதிரி பொடிப்பொடியாகக் கறை. ஆலையிலும் இங்கும் யாரும் எடுத்துத் தொடாத அடித்தட்டிலும் அதே கறை. பேராசிரியரிடம் கேட்டுப் புதுப்பெட்டியின் முத்திரையைப் பிரித்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. நான் தைத்துக் கொடுத்தேன், இழுத்தாள், எல்லாக் கம்பிகளும் நடுவில் அறுந்தன. பேராசிரியர் சுந்தரம் கைதட்டாத குறை. “சூப்பர்மா. நாளைக்கு இதையே முரளிக்குக் காட்டிடலாம்.” புதுப்பெட்டியை ஈரம் புகாத பையில் திரும்பக் கட்டி மேசைமேல் வைத்துவிட்டு, குடையை மறந்து போய் மறுபடி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

கலைவாணி கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு சொன்னாள்: “வரும்போது ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரிதான் அங்கிள் வந்திருக்கும். ஒண்ணு சீல் ஒடைக்காம இருந்துச்சு. இன்னொண்ணு இதுக்குள்ள இருந்துச்சு.”

கடிகாரம் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

கரண்ட் ஒருமுறைகூட நிற்காத கடிகாரம் ஏன் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது? ஆயுள் முழுக்க இதே வேலையில் இருந்த நான் அதைப் பார்த்துக் கிண்டலடித்தவன். எங்கள் ஆலையில் சீனப் புத்தாண்டு, தீபாவளி எதற்கும் கரண்ட்டை அணைத்ததில்லை. அணைப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. இங்கே மெயினை இறக்காமல் வீட்டுக்குப் போவது என்ற நினைப்பு யாருக்கும் எழாது. சாயங்காலம் அலமாரி தூங்கும். மரக்காணத்து உப்பளங்களைத் தடவிக்கொண்டு வருகிற கடல் காற்று ராத்திரியெல்லாம் மெதுவாக உள்ளே புகும். காலையில் மெயினைப் போட்டதும் அலமாரி ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் உலர ஆரம்பித்துவிடும். எல்லாரும் வந்து பார்க்கும்போது ஈரமே இருக்காது.

“நாளைக்கு எனக்கு முன்னாடி யாரும் மெயின் போடக்கூடாது. சீக்கிரம் வர்றீங்களா அங்கிள்? இது நெஜமான்னு பாத்துடலாம்.” கடையில் வாங்கிய, கரண்ட் வேண்டாத, ஈரம் காட்டும் சின்ன முள் மீட்டர் ஒன்றை அலமாரிக்குள் வைத்தாள். பார்க்க வேண்டும் என்பதற்காகவே அன்றும் தன் கையாலேயே மெயினை இறக்கினாள்.

நாலாம் நாள் காலை சரியான பஸ்ஸில்தான் ஏறினேன். இருட்டிக்கொண்டு மழை. கலைவாணி எனக்கு முன்பே வந்து டார்ச்சோடு நின்றிருந்தாள். கதவைத் திறந்தோம். அலமாரியில் வெளிச்சம் பட்டதும் முள் தெரிந்தது. ஈரத்தின் கடைசிக் கோட்டில், அதற்கு மேல் போக இடமில்லாமல் சாய்ந்து கிடந்தது.

முக்காலியில் உட்கார்ந்தாள். “எல்லாரும் வந்ததுக்கப்புறம் இது தானா எறங்கிடும்” என்றாள். “நான் இத்தினி நாளா ஆராய்ச்சி பண்ணது கம்பெனி சிப்பை இல்ல. இந்த ரூமைத்தான். இன்னொரு தடவ முதல்லருந்து பண்ண யுனிவர்சிட்டி டைம் குடுக்காது.” பிறகுதான் நான் முதலில் எழுதிய வார்த்தைகளைச் சொன்னாள், சொல்லாம விட்டுட்டா யாருக்குமே தெரியப் போறதில்ல என்று. என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வாய் ஓயாதவன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அன்று மெயினைப் போட்டேன், அவ்வளவுதான்.

பேராசிரியர் வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“சரிம்மா. இன்னையிலருந்து மெயின் ஆஃப் பண்ண வேணாம். தப்பு திருந்திடுச்சில்ல? அத எதுக்கு அவருகிட்ட சொல்லணும்?”

“அந்த ஸ்டெல்லா, சார்.”

“நான் முரளிகிட்ட தனியாப் பேசறேன். பொண்ணு பாவம், திரும்ப எடுத்துக்கோங்கன்னு சொல்றேன்.”

“பாவம்னு எடுத்தா அவ தொட்டதாத்தானே சார் அர்த்தம்?”

“கலைவாணி, உன் ஒருத்திக்காகச் சொல்லலம்மா. பின்னாடி நிக்கிற பசங்களப் பாரு. இத விட்டா நம்ம காலேஜுக்கு எவன் வருவான்? சென்னைல ஆயிரம் லேப் இருக்குது. ரிப்போர்ட்ட நாமளே கெடுத்து நாமளே எழுதினோம்னு சொன்னா, அப்புறம் நம்மகிட்ட ஒரு ஸ்குரூகூட சோதிக்கக் குடுக்க மாட்டான்.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அந்தக் காலையின் கஷ்டமே. கலைவாணி “சரி சார்” என்றாள். எதற்குச் சரி என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

முரளி ஜோவியலான ஆள். மழைக்கோட்டை உதறிக்கொண்டே, “பினாங்கா சார்? நம்ம லைன்ல பாதி மெஷினு உங்க ஊர்லருந்துதான். அங்க ரிப்பேருனு தூக்கிப் போட்டதுங்க இங்க வந்து ஜம்முனு ஓடுது. தண்ணி ஒத்துக்கிச்சு” என்றார். டீயும் மிக்சரும் வந்தன. புதுப்பெட்டிச் சிப்புகளில் தைத்துக் காட்டினேன். கொக்கியைக் கலைவாணியே மாட்டி இழுத்தாள். கம்பிகள் ஒவ்வொன்றாக, சொல்லிவைத்த மாதிரி நடுவில் அறுந்தன. ஒவ்வொன்றுக்கும் முரளி “அப்டிப் போடு” என்றார். அலமாரிக்குள் முள் எப்போதோ இறங்கி உலர்ந்த பக்கம் வந்திருந்தது.

“எக்ஸலண்ட் சுந்தரம் சார். போன பெட்டிதான் எங்காளுங்க ஹேண்ட்லிங்ல போச்சு. இது க்ளீன்” என்றார் முரளி. ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்தார்கள். பேராசிரியர் தன் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்துக் கொடுத்தார். முரளி மூடியைத் திருகிக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்: “மேடம், அந்தப் பழைய பெட்டி இன்னும் இருக்குதா, இல்ல தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“இருக்குது சார்” என்றாள் கலைவாணி.

பேராசிரியர் அவளைப் பார்த்தார். மழை அந்த நேரம் பார்த்து விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

அவள் போய் அலமாரியைத் திறந்தாள். பழைய பெட்டியின் மேல்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, யாரும் தொடாத அடித்தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதை நுண்ணோக்கியின் கீழே வைத்து, குனிந்து, படம் தெளியும்வரை திருகினாள். பிறகு முக்காலியை முரளியின் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, “உக்காருங்க சார். கையெழுத்துக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்” என்று சொல்லி, அவர் பார்ப்பதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.